நகரசபைச் செயலி யாருக்காக?

சுயராஜ்யம் டெல்லியில் ஆரம்பமாவதில்லை, வீதியில்தான் ஆரம்பமாகிறது. குழாயில் தண்ணீர் எந்த மணிக்கு வரும், தெருவிளக்கு ஏன் எரியவில்லை, பாதாளச் சாக்கடை அடைபட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டு, அதற்கு நேரான பதிலைப் பெறக்கூடிய பிரஜைதான் உண்மையில் சுதந்திரப் பிரஜை. அத்தகைய பதில் கிடைக்காத ஊரில், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வோட்டுப் போடும் உரிமை மட்டும் இருந்து பூரண பயன் விளையாது.

இவ்வுண்மையை நமது தேசீயத் தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஸ்தல ஸ்தாபனங்கள் ஜனங்களுக்கு அரசியல் பயிற்சி அளிக்கும் சாதனங்களாக வேண்டுமென்று 1882-ம் வருஷத்திலேயே ரிப்பன் பிரபு தமது தீர்மானத்தில் குறிப்பிட்டார். அன்னிய ஆட்சி அப்பயிற்சியை அளவாகவே கொடுத்தது. நம்மவர்களோ அதை முழுவதும் பயன்படுத்திக்கொண்டனர். ராஜாஜி 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஜவாஹர்லால் நேரு 1923-ல் அலகாபாத் நகரசபைத் தலைமையை ஏற்றார். 1924-ல் வல்லபபாய் படேல் ஆமதாபாத் நகரசபைக்கும், சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா நகரசபைக்கும் தலைவர்களாயினர். சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயரானார். பட்டணத்தின் தாகத்தைத் தணிப்பதற்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-ல் அஸ்திவாரமிடச் செய்தார். அணை 1944-ல் முடிவதற்கு முன்பே அவர் காலமானார். அந்த ஏரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடியானவனுக்கும் கூலிக்காரனுக்கும் தினந்தோறும் வேண்டியது எதுவோ, அதிலிருந்து ஆட்சியைத் தொடங்க வேண்டுமென்பதே இவர்கள் அனைவரும் கற்ற பாடம்.

இன்று அந்தப் பாடத்தை மீண்டும் நினைவூட்ட வேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது. நகரசபையின் வாசற்படி இடம் மாறிவிட்டது. முன்னாளில் குறையுள்ளவர் வார்டு ஆபீசுக்கு நடந்து போவார், குமாஸ்தாவைக் கேட்பார், கவுன்சிலரைப் பிடிப்பார். இன்று வரி செலுத்துவதும், பிறப்புச் சான்றிதழ் கோருவதும், குறைகளைத் தெரிவிப்பதும், வெள்ள எச்சரிக்கை பெறுவதும் கைப்பேசிச் செயலி வாயிலாக நடைபெறத் தொடங்கியுள்ளன. இது நல்ல மாறுதலே. எனினும், புதிய வாசலின் படியை எத்தனை உயரத்தில் வைப்பது, கதவில் எந்த மொழியில் எழுதுவது, யாருடைய கை எட்டும்படி தாழ்ப்பாளை அமைப்பது என்பவற்றை எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் தீர்மானிக்கிறார்கள். ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டாமலேயே லட்சக்கணக்கானவர்களை வெளியே நிறுத்திவிட இத்தீர்மானங்களால் முடியும். ஆகையால் செயலியின் அமைப்பை யந்திர நிபுணர்களின் விஷயமென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அது முற்றிலும் அரசியல் விஷயம்.

இலாகாக்கள் வரைந்த படம்

நகர நிர்வாகச் செயலிகளில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால் முதலில் தோன்றுவது இலாகாக்களின் ஜாபிதாவே. வருவாய், பொறியியல், சுகாதாரம், திடக்கழிவு, மழைநீர் வடிகால், மின்சாரம் என்று வரிசை நீளும். ‘உமது குறை எந்த இலாகாவைச் சேர்ந்தது?’ என்பதே அது கேட்கும் முதற் கேள்வி. இக்கேள்வி உத்தியோகஸ்தருக்கு இயல்பானது, பிரஜைக்கோ அர்த்தமற்றது.

சென்னைப் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 1688-ம் வருஷத்தில் ஏற்பட்ட நமது கார்ப்பரேஷன் இத்தேசத்தில் மிகப் பழமையானது. 2011-ல் எல்லை விரிவடைந்த பின் 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வார்டுகளும் கொண்டதாயிற்று. இப்பட்டணத்தில் ஒருவர் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மழைநீர் வடிகாலில் அடைப்பு ஏற்பட்டதால் தேங்கியதானால் பொறுப்பு கார்ப்பரேஷனுடையது. பாதாளச் சாக்கடை பொங்கியதால் வந்ததானால், 1978-ல் நிறுவப்பட்ட குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் வசமிருந்தால் அத்துறையைக் கேட்க வேண்டும். ஏரியோ ஆறோ பெருகி வந்திருந்தால் நீர்வளத் துறை பதில் சொல்ல வேண்டும். தேங்கிய நீரில் மின்கம்பி அறுந்து கிடந்தால் மின் பகிர்மானக் கழகத்துக்குச் சொல்ல வேண்டும். முழங்கால் அளவு நீரில், கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாய், ‘இது மழைநீரா, கழிவுநீரா’ என்று ஆராய்ந்து, உரிய இலாகாவைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமா? அந்தத் தாய்க்குத் தெரிந்தது ஒன்றே: வாசலில் தண்ணீர் நிற்கிறது.

சர்க்கார் தன் சௌகரியத்துக்காகத் தன்னைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டது. அப்பிரிவினையைக் கற்றுத் தேற வேண்டிய கடமை பிரஜையினுடையது அன்று. செயலி என்பது இலாகாக்கள் வரைந்த படமாக இல்லாமல், பிரஜையின் கேள்விக்குக் கிடைக்கும் விடையாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை ஒப்புக்கொண்டால் மற்றவை தாமே தொடர்ந்து வரும்.

பிற நகரங்கள் கற்ற பாடம்

இவ்விதி வெறும் கற்பனையன்று. இங்கிலாந்தில் 2007-ம் வருஷத்தில் ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ என்ற இணையதளத்தை மைசொசைட்டி என்ற பொதுநல ஸ்தாபனம் தொடங்கிற்று. சாலையில் பள்ளம் விழுந்திருந்தால் வரைபடத்தில் அவ்விடத்தைத் தொட்டுக் காட்டி, இன்ன குறை என்று எழுதினால் போதும். அது எந்த ஸ்தல ஸ்தாபனத்தின் எல்லைக்குட்பட்டது, அங்கே எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் இயந்திரமே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒருவர் தெரிவித்த குறையை ஊரார் அனைவரும் பார்க்கலாம். அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் பார்க்கலாம். எல்லைகளை அறியும் பாரத்தைக் குடிகளின் தலையிலிருந்து இறக்கி யந்திரத்தின் தலையில் ஏற்றியதே அதன் சிறப்பு.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் இதற்கு நான்கு வருஷம் முன்பே வேறொரு மார்க்கத்தில் இதைச் சாதித்தது. அந்நகரத்தில் சர்க்கார் ஆபீஸ்களின் எண்கள் மட்டும் டெலிபோன் புஸ்தகத்தில் 14 பக்கங்களை அடைத்துக்கொண்டிருந்தன. 2003-ம் வருஷம் மார்ச் மாதத்தில் அவை அனைத்துக்கும் பதிலாக 311 என்ற ஒரே எண்ணை ஏற்படுத்தினர். அழைப்பவர் எந்த இலாகா என்று சொல்ல வேண்டியதில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதும். 170-க்கும் மேற்பட்ட பாஷைகளில் மொழிபெயர்ப்பு உதவியும் கிடைக்கிறது. குடியேறி வந்த ஏழைத் தொழிலாளி ஆங்கிலம் கற்கும் வரை அவனுடைய வீதியின் குறை காத்திருக்க வேண்டியதில்லை.

இம்முறையால் நகரசபைக்கே எவ்வளவு லாபம் என்பதற்கு ஒரு ருசிகரமான உதாரணம் உண்டு. 2005 முதல் நியூயார்க்கின் சில பகுதிகளில் அவ்வப்போது காற்றில் ஓர் இனிய வாசனை வீசிற்று. அங்குள்ளோர் உணவில் ஊற்றிக்கொள்ளும் ஒருவகை மரப்பாகின் மணம் போன்றிருந்தது அது. ஜனங்கள் விஷவாயுவோ என்று பயந்து 311-ஐ அழைத்தனர். அவ்வழைப்புகள் வந்த இடங்களையும் நேரங்களையும் படத்தில் குறித்து, காற்று வீசிய திசையோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2009-ம் வருஷம் பிப்ரவரியில் மூலத்தைக் கண்டுபிடித்தனர். ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்ஸியில் ஒரு தொழிற்சாலையில் பதப்படுத்தப்பட்ட வெந்தயமே அம்மணத்துக்குக் காரணம்! நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயம் ஒரு மாநகரத்தை மூன்று வருஷம் திகைக்க வைத்தது. எந்த இலாகாவைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தால், ‘இனிய வாசனை’ என்ற குறையை எந்தப் பிரிவில் அடக்கியிருக்க முடியும்? ஜனங்களைத் தம் வார்த்தையில் பேசவிட்டதால்தான் உண்மை வெளிவந்தது.

கன அடியும் கழுத்தளவும்

செயலிகள் குறைகளை வாங்கினால் மட்டும் போதாது. செய்தியைச் சொல்லவும் வேண்டும். அச்செய்தியைக் கேட்பவர் தம் நிலைக்குப் பொருத்திப் பார்க்கும்படி சொல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சென்னை அறியும். அது உயிரைக் கொடுத்து அறிந்த பாடம்.

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வெள்ளத்துக்கு யார் பொறுப்பு என்ற வாதத்தில் நாம் இங்கே இறங்கவில்லை. அறிவிப்பின் பாஷையைப் பற்றியே பேசுகிறோம். ‘இத்தனை கன அடி’ என்பது மதகடியில் நிற்கும் இஞ்ஜினீயருக்கு முழுமையான செய்தி. 29,000 கன அடி என்றால் விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல் என்று அவர் கணக்கிட்டுக்கொள்வார். மணப்பாக்கத்திலும், ஜாபர்கான்பேட்டையிலும், சைதாப்பேட்டையிலும், கோட்டூர்புரத்திலும் ஆற்றோரம் வசித்தவருக்கோ அது வெறும் எண். அவருக்கு வேண்டியிருந்த செய்திகள் நான்கு: என் தெருவுக்குத் தண்ணீர் வருமா? எத்தனை மணிக்கு வரும்? முழங்காலளவா, கழுத்தளவா? நான் எங்கே போக வேண்டும்? இந்நான்குக்கும் விடை கொடாத அறிவிப்பு எவ்வளவு துல்லியமாயிருந்தாலும் ஏட்டுச் சுரைக்காயே. அது கறிக்கு உதவாது.

அந்நாட்களில் சர்க்கார் சொல்லாததை ஜனங்களே சொல்லிக்கொண்டார்கள். எவரும் திருத்தி எழுதக்கூடிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற பொது வரைபடத்தின் மேல், நீர் சூழ்ந்த தெருக்களை வாலிபர்கள் ஒவ்வொன்றாகக் குறித்தனர். எந்த வீட்டில் இடம் உண்டு, எங்கே உணவு கிடைக்கும், எங்கே படகு வேண்டும் என்று ஜாபிதாக்கள் தயாரித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். அவற்றில் ஒன்றிலும் இலாகாக்களின் பெயர் தலைப்பாக இல்லை. தெரு, தேவை, உதவி என்ற மூன்றே தலைப்புகள். தேவையிலிருந்து புறப்பட்டவர்கள் தயாரித்ததால் அவை பயன்பட்டன. நகரசபை நிர்வாகத்துக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் வேறு வேண்டியதில்லை.

ஆனால் அவ்வெள்ளம் மற்றொரு உண்மையையும் உணர்த்திற்று. தொழிலாளர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமையால் டிசம்பர் 2-ந் தேதி ‘ஹிந்து’ பத்திரிகை சென்னையில் வெளிவரவில்லை. 1878-ல் அது தொடங்கிய பின் இவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் தடவை. பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல பகுதிகளில் துண்டிக்கப்பட்டன. அபாய காலத்தில் முதலில் அணைவது செயலி எரியும் அந்தச் சிறு கண்ணாடியே. எனவே செயலியில் வரும் அதே செய்தி, அதே எளிய சொற்களில், ரேடியோவிலும், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியிலும், ரேஷன் கடைப் பலகையிலும் வர வேண்டும். செயலி ஒரு வாய். நகரசபைக்குப் பல வாய்கள் இருத்தல் வேண்டும்.

பேசாதவர்களின் வீதி

இனி, மிகக் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தைக் குறிப்பிடுகிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரசபை 2012-ம் வருஷத்தையொட்டி ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்றொரு செயலியைக் கொண்டுவந்தது. காரில் கைப்பேசியை வைத்துக்கொண்டு போனால், வண்டி குலுங்கும் இடங்களை அதுவே உணர்ந்து, சாலைப் பள்ளங்களை நகரசபைக்கு அறிவித்துவிடும். யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை. கேட்கும்போது அற்புதமாகத் தோன்றுகிறதன்றோ? ஆனால் காரும் விலையுயர்ந்த கைப்பேசியும் உள்ளவர்கள் வாழும் வீதிகளிலிருந்தே செய்திகள் மிகுதியாக வரக்கூடும். ஏழைகளும் முதியோரும் வாழும் வீதிகளில் பள்ளம் இருந்தும் செய்தி வராமற் போகலாம். அச்செய்தியை நம்பிப் பணத்தை ஒதுக்கினால், வசதியுள்ள வீதிக்கே மேலும் வசதி சேரும். இதை உணர்ந்த அந்நகரசபையார், எல்லாப் பகுதிகளுக்கும் சென்று வரும் தங்கள் ஊழியர்களின் வண்டிகளில் முதலில் அச்செயலியை வைத்துப் பார்த்தனர். சாதனம் யாரை விட்டுவிடுகிறது என்ற கேள்வியை முதலிலேயே கேட்டதுதான் அவர்களுடைய புத்திசாலித்தனம்.

நம் நாட்டில் இவ்வபாயம் பன்மடங்கு பெரிது. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவிகிதம். அதாவது, ஐந்து பேரில் ஒருவரால் செயலியிலுள்ள ஓர் எழுத்தையும் படிக்க முடியாது. எழுத்தறிந்தவரிலும், ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்த சர்க்கார் பாஷையைப் புரிந்துகொள்வோர் மிகச் சிலரே. கண் தெரியாதவர், கை நடுங்கும் முதியவர், வீட்டுக்கு ஒரே கைப்பேசியாக இருந்து அதுவும் ஆண்மகன் சட்டைப்பையில் இருக்கும் குடும்பத்துப் பெண்மணி, வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி ஆகிய இவர்களெல்லாம் நகரத்தின் பிரஜைகள் அல்லரா?

‘வியாசர்பாடியிலிருந்து புகார்கள் குறைவு; ஆகையால் அங்கே குறை ஒன்றுமில்லை’ என்று ஓர் அதிகாரி செயலியின் கணக்கைக் காட்டிச் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய்யன்று. ஆனால் பேச வாயில்லாதவரின் மௌனத்தைத் திருப்தியென்று எண்ணும் ஆட்சி குருட்டாட்சியே. ஒரு செயலியின் தரத்தை, எத்தனை பேர் அதைத் தரவிறக்கினார்கள் என்பதைக் கொண்டு மதிப்பிடலாகாது. யாரால் அதைப் பயன்படுத்த முடியவில்லை என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். கடைசி மனிதனை அளவுகோலாகக் கொள்ள வேண்டுமென்று மகாத்மா காந்தி போதித்த தேசத்தில், இதை வேறு எவரிடமிருந்தும் நாம் கற்க வேண்டியதில்லை.

ஐந்து பேரை உட்கார வையுங்கள்

அப்படியானால் செயலியை எவ்வாறு தயாரிப்பது? இதற்கு வழி வெகு நாட்களுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. 1985-ம் வருஷத்தில் கூல்டு, லூயிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூன்று விதிகளை வெளியிட்டனர். முதலாவது, தொடக்கத்திலேயே பயன்படுத்தப்போகிறவர்களை நேரில் அறிதல். இரண்டாவது, அவர்கள் கையில் கொடுத்துச் சோதித்து அளத்தல். மூன்றாவது, கண்ட குறையைத் திருத்தி மறுபடியும் சோதித்தல். இவை யாவருக்கும் தெரிந்தவை என்று நினைக்கலாம். ஆனால் இயந்திரங்களை வடிவமைப்போரைக் கேட்டபோது பெரும்பாலோர் இம்மூன்றையும் சொல்லவில்லை என்று அவர்களே எழுதினர். தெரிந்த விஷயமென்று அலட்சியம் செய்யப்படுவதே இவ்விதிகளின் தலைவிதி.

இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகுமென்று ஆக்ஷேபிப்போர் உண்டு. அது சரியன்று. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடுமென்றும், ஒரே தடவை பெரிய சோதனை நடத்துவதைவிடச் சிறு சோதனையைப் பல தடவை நடத்துவதே மேலென்றும் 2000-ம் வருஷத்தில் ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் எழுதினார். ராயபுரத்தில் மீன் விற்கும் ஒரு பெண்மணி, சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், பார்வையற்ற ஒரு மாணவர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், பீஹாரிலிருந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளி ஆகிய ஐந்து பேரை அழைத்து உட்கார வையுங்கள். ‘உங்கள் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை, இதைத் தெரிவியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, செயலியைத் தயாரித்தவர் வாய் திறவாமல் பக்கத்தில் உட்காரட்டும். எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எந்தச் சொல்லில் கண் நிற்கிறது, எப்பொழுது ‘இது நமக்கு ஆகாது’ என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கட்டும். அந்த அரைமணி நேரம் கற்பிப்பதை ஆயிரம் பக்க டெண்டர் பத்திரம் கற்பிக்காது.

‘ஜனங்களுக்கு என்ன தெரியும்? அவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்’ என்று கூறுவோரும் உண்டு. இந்தியர்களுக்கு ஆளத் தெரியாது என்று வெள்ளைக்காரர்கள் சொன்னதும் இதே தொனியில்தான். செயலிக்கு எந்த வர்ணம் பூச வேண்டுமென்று ஜனங்களை நாம் கேட்கச் சொல்லவில்லை. அவர்களுடைய தேவை என்ன, அதை நிறைவேற்றுவதில் எங்கே தடை என்பதைக் கவனிக்கவே சொல்கிறோம். செருப்பைத் தைப்பது தொழிலாளியின் வித்தை. அது எங்கே கடிக்கிறதென்று சொல்ல வேண்டியவர் அணிந்து நடப்பவரே.

இங்கே இன்னொரு முக்கியமான விஷயம். குறை தெரிவித்தவருக்கு, பள்ளம் அப்படியே இருக்கையில், ‘உமது புகார் முடிக்கப்பட்டது’ என்று செய்தி வந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? முடிந்தது என்று சொல்லும் அதிகாரத்தை உத்தியோகஸ்தரிடம் மட்டும் கொடுத்திருக்கும் செயலி, கணக்கை நேராக்கும், வீதியை நேராக்காது. குறையைச் சொன்னவரே ‘தீர்ந்தது’ என்று ஒப்புக்கொண்ட பிறகே அதை முடிக்க வேண்டும். இச்சிறு மாறுதல் ஆட்சியாளருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலுள்ள உறவையே மாற்றிவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இவற்றை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. சட்டமே இவற்றை நமக்கு அளித்திருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, கேட்பதற்கு முன்பே செய்திகளை வெளியிட வேண்டுமென்கிறது. செலவுச் சிக்கனம், உள்ளூர் பாஷை, அவ்விடத்தில் மிகவும் பயன்தரும் அறிவிப்பு முறை ஆகியவற்றைக் கருத்திற்கொண்டே வெளியிட வேண்டுமென்றும் அதே பிரிவு விதிக்கிறது. அறிவிப்புப் பலகை, பத்திரிகை, பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் எல்லாவற்றையும் அது குறிப்பிடுகிறது. ‘செயலியில் போட்டுவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது’ என்று எந்த நகரசபையும் சொல்ல இச்சட்டம் இடந்தரவில்லை. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016-ம் வருஷத்துச் சட்டமோ, மின்னணுச் செய்திகள் அவர்களும் பயன்படுத்தக்கூடிய வடிவில் இருக்க வேண்டுமென்று சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது.

1993-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டுமென்று விதித்தது. தமிழ்நாட்டில் 2022-ம் வருஷத்தில் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வெளியாயின; அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. செயலியைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? புதிய செயலி எதுவும் பகுதி சபையில் சாதாரண ஜனங்களின் கையில் கொடுத்துப் பார்க்கப்படாமல் வெளியிடப்படலாகாது என்று நாம் ஏன் கோரக்கூடாது?

தேசத் தொண்டர்கள் தங்கள் ஊர் நகரசபையிடம் ஐந்து கோரிக்கைகளை வைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். முதலாவது, செயலி பிரஜையிடம் இலாகாவின் பெயரைக் கேட்கக்கூடாது. இடத்தையும் குறையையும் மட்டுமே கேட்க வேண்டும். இரண்டாவது, வெள்ளம் முதலிய அபாய அறிவிப்புகள் கன அடியில் மட்டும் நில்லாமல், தெருவின் பெயரையும், நேரத்தையும், நீர் ஏறும் உயரத்தையும், போக வேண்டிய இடத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவது, எழுத முடியாதவர் தம் குரலாலேயே குறை தெரிவிக்க வழி வேண்டும். சென்னையில் 1913 என்ற டெலிபோன் எண்ணில் கொடுக்கும் புகாருக்கும் செயலியில் கொடுக்கும் புகாருக்கும் சமமான மதிப்பு வேண்டும். நான்காவது, குறை தீர்ந்ததென்று சொல்லும் உரிமை குறை சொன்னவருக்கே இருக்க வேண்டும். ஐந்தாவது, எந்த வார்டிலிருந்து எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். புகாரே வராத வார்டுகளுக்கு அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இவற்றில் ஒன்றாவது நிறைவேற்ற முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது. இவற்றுக்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. ஆளுவோர், தாம் சேவகர் என்பதை நினைவிற்கொண்டால் போதும். அந்த நினைவை அவர்களுக்கு ஊட்ட வேண்டியது நமது கடமை. நகரசபைக் கூட்டத்தில் சாலைக்கும் விளக்குக்கும் பணம் ஒதுக்கும்போது கேள்வி கேட்கும் கவுன்சிலர்கள், அடுத்த முறை செயலிக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வரும்போதும் எழுந்து நிற்கட்டும். ‘இதை யாரிடம் கொடுத்துச் சோதித்தீர்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள்?’ என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை வரும் வரை தீர்மானம் காத்திருக்கட்டும்.